வன்னிக் காட்டுக்குள் நிலஅதிர்வுமானி: நோட்டா, நேரடிப் புதைப்பா, சீமெந்துக் கிடங்கா?

வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றோடு சேர்ந்து வன்னிக் காட்டுக்குள் நிலஅதிர்வுச் சென்சர் வைக்கத் திட்டம் எழுதும் குழுக்கள், யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருந்தாலும் வவுனியா பம்பைமடுவில் இருந்தாலும், பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடக்குப்படுகின்றன. கையடக்கமான நோட்டுகளை (node: பற்றரியோடு ஒரே கூட்டுக்குள் அடங்கிய சிறு நிலஅதிர்வுமானி) இரவல் கேட்பதா, நீண்ட அலைகளையும் பதியும் புரோட்பாண்ட் சென்சரை நேரே மண்ணுக்குள் புதைப்பதா, அல்லது பிளாஸ்ரிக் பரல் இறக்கிச் சீமெந்துக் கிடங்கு கட்டுவதா? அநேகமானோர் விலைப்பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு முடிவெடுக்கப் பார்க்கிறார்கள். கருவி இரவலாக வரும் கூட்டுத் திட்டத்தில் விலைக்குக் கடைசி இடம்தான். நீங்கள் தேடும் அலையின் காலம் (ஓர் அலைவுக்கு எத்தனை செக்கன்) எவ்வளவு, மாரியில் அந்த இடத்துக்கு யாராவது போக முடியுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால் தெரிவு பெரும்பாலும் தானாகவே விழுந்துவிடும்.

அதற்கும் முன்னர் ஒன்று. 2016–2017 இல் ஜேர்மனியின் ஜி.எஃப்.இசட் புவியறிவியல் ஆய்வு நிறுவனமும் நமது புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகமும் சேர்ந்து நாடு முழுவதும் 30 தற்காலிக புரோட்பாண்ட் நிலையங்களை ஏறத்தாழ ஒரு வருடம் ஓட்டின. பல்லேகல, மகாகனதராவ, ஹக்மன, புத்தங்கல ஆகிய இடங்களில் நிரந்தர நிலையங்களும் உண்டு. உங்கள் கேள்விக்கான பதில் அந்தப் பதிவுகளிலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஒரு கிடங்கும் வெட்டத் தேவையில்லை.

## எதை வைத்து முடிவெடுப்பது

அலையின் காலம். நோட்டுக்குள் இருப்பது 5 ஹேர்ட்ஸ் ஜியோபோன், அதாவது நில அசைவை மின் சமிக்ஞையாக மாற்றும் சிறு உணரி. அதற்குக் கீழே போகப் போக உணர்திறன் அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு விழும். 0.5 ஹேர்ட்ஸில் நூறில் ஒரு பங்கு. 20 செக்கன் அலையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 120 செக்கன் புரோட்பாண்ட் சென்சர் அதே 20 செக்கன் அலையை முழு உணர்திறனோடு பதியும்.

வன்னித் தொகுதிப் பாறைக்குக் கீழே புவியோடு (பூமியின் மேலோடு) எவ்வளவு தடிப்பு என்பது கேள்வியானால், பூமியின் மையத்திலிருந்து அளக்கும் கோணத்தில் 30 முதல் 90 பாகை தூரத்தில் நடக்கும் 5.5 அளவுக்கு மேற்பட்ட பூகம்பங்களைப் பல மாதம் சேர்க்க வேண்டும். மேற்பரப்பு அலைகளும் தேவைப்படும். அது புரோட்பாண்ட் வேலை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் தெற்கே எங்கே மெலிந்து உருமாறிய பாறையில் முடிகிறது, 2024 ஜூனில் வவுனியா–மதவாச்சிப் பக்கம் உணரப்பட்டது போன்ற சிறு அதிர்வுகள் எங்கே பிறக்கின்றன, கல் உடைக்கும் வெடிகளை எப்படிப் பிரித்தறிவது என்பவை கேள்வியானால் 1 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட பதிவு போதும். அது நோட் செய்யக்கூடிய வேலை.

மாரி. ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை காட்டு வண்டித்தடங்களை நம்ப முடியாது. 2018 டிசம்பரில் இரணைமடுக் கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றபோது பிரதான வீதிகளே மூடப்பட்டன. அந்த நான்கு மாதமும் ஒருவரும் போகாமல் நிலையம் தானாக ஓட வேண்டுமா என்பதைத் திட்டத்தின் முதற்பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

தோள். உழவு மெஷின் போய் நிற்கும் இடத்திலிருந்து சென்சர் வைக்கும் இடம் வரை எல்லாம் ஆளின் தோளில்தான் போகும். ஒருவர் பாதுகாப்பாகத் தூக்குவது 25–30 கிலோ.

மண். வன்னியின் பெரும்பகுதி செங்கபில மண். காய்ந்தால் கல், நனைந்தால் களி. முருங்கன் பக்கத்துக் கருமண் வேறு சாதி: ஈரத்தில் ஊதும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். காங்கேசன்துறைச் சீமெந்துக்குக் களி எடுத்த அதே மண்தான். நீண்ட அலை பதியும் சென்சரை அதற்குள் வைத்தால் பூகம்பத்தை விட மண்ணின் சாய்வையே அதிகம் பதிவீர்கள். பாறை முகமோ கிரவலோ உள்ள மேட்டுக்கு நகர்த்த முடியாவிட்டால் அந்த நிலையத்தையே கைவிடுவது நல்லது.

தோண்டும் அனுமதி. வன்னியில் இது வெறும் காகித வேலையல்ல. மிதிவெடி அகற்றப்பட்ட நிலம் என்ற சான்று போதாது. எவ்வளவு ஆழத்துக்கு அகற்றப்பட்டது என்றும் கேட்க வேண்டும். 25 சென்ரிமீற்றர் கிடங்குக்குப் பொருந்தும் சான்று 1 மீற்றர் கிடங்குக்குப் பொருந்தாமல் போகலாம். காட்டுக்குள் ஆழமாகக் கிடங்கு வெட்டும் ஆட்களைக் கண்டால் ஊராருக்கும் பொலிசுக்கும் முதலில் வரும் நினைப்பு புதையல் தோண்டுகிறார்கள் என்பதே.

| | நோட் | நேரடிப் புதைப்பு | சீமெந்துக் கிடங்கு |
|---|---|---|---|
| நன்றாகப் பதியும் அலை | 1 ஹேர்ட்ஸுக்கு மேல். கடலலை இரைச்சலில் சுமார் 5 செக்கன் வரை இழுக்கலாம் | 120 செக்கன் வரை | 120 செக்கன் வரை, வெப்பக் காப்புச் சரியாக இருந்தால் |
| கிடங்கு | 25–30 செ.மீ. ஆழம் | 1 மீ. ஆழம், 30 செ.மீ. அகலம் | 1.2 மீ. ஆழம், 1 மீ. அகலம் |
| நிலையமொன்றுக்குத் தூக்கும் எடை | 3 கிலோவுக்குள் | 50–70 கிலோ | 400 கிலோ அளவில் |
| நிறுவும் நேரம் | 10–15 நிமிடம் | அரை நாள் முதல் ஒரு நாள் | இரண்டு நாள், பின்பு சீமெந்து இறுக ஒரு கிழமை |
| மின்சாரம் | உள்ளே உள்ள லித்தியம் பற்றரி, ஏறத்தாழ ஒரு மாதம் | சோலார், வெளிப் பற்றரி | சோலார், வெளிப் பற்றரி |
| திரும்பிப் போவது | மாதம் ஒருமுறை, பிந்தக்கூடாது | 3–4 மாதத்துக்கு ஒருமுறை | 3–4 மாதத்துக்கு ஒருமுறை |
| மாரியில் | எடுத்துவிட வேண்டும் | தாங்கும் | நீர்மட்டம் ஏறினால் மிதக்கப் பார்க்கும் |
| முடிந்தபின் காட்டில் மிஞ்சுவது | ஒன்றுமில்லை | மூடிய கிடங்கு | சீமெந்துக் கட்டி |

## நோட்

சென்சர், அதன் சமிக்ஞையை எண்ணாக்கிப் பதியும் டிஜிற்றைசர், ஜிபிஎஸ், பற்றரி எல்லாம் ஒரே கூட்டுக்குள். வயர் இல்லை, பெட்டி இல்லை, கம்பம் இல்லை. ஆனையும் எலியும் முள்ளம்பன்றியும் கடித்து இழுக்க வெளியே ஒன்றும் நீட்டிக்கொண்டிருக்காது என்பதே காட்டில் அதன் பெரிய பலம். மூன்று பேர் கொண்ட அணி, தடம் நல்லதாக இருந்தால், ஒரு நாளில் இருபது நோட் வரை வைக்கலாம்.

வைக்கும் முறை எளிது. மேலே கிடக்கும் சருகையும் வேர்ப்பின்னலையும் விலக்கி, கடின மண் வரும்வரை 25 சென்ரிமீற்றர் வெட்டி, அடியைச் சமப்படுத்தி, வடக்கு அம்புக்குறியைத் திருப்பி, ஆணிகளை அழுத்தி இறக்குங்கள். சுத்தியலால் அடிக்கக்கூடாது, இறங்காவிட்டால் அலவாங்கு நுனியால் துளை போட்டுவிட்டு அழுத்துங்கள். குமிழி நடுவில் நிற்க வேண்டும். மூடும் மண் ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம். ஜிபிஎஸ் அதற்குமேல் திணறும்.

பிழை வருவது பெரும்பாலும் நேரத்தில். பாலை, வீரை, முதிரை அடர்ந்த இடத்தில், அதுவும் இலை நனைந்திருக்கும்போது, ஜிபிஎஸ் சமிக்ஞை மெலியும். சமிக்ஞை இல்லாத நேரத்தில் நோட் தன் உள்மணிக்கூட்டை நம்பும். அந்த மணிக்கூடு பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலே ஒரு நாளில் 86 மில்லிசெக்கன் போய்விடும். சிறு அதிர்வு பிறந்த இடத்தைக் கணிக்க அது தாங்காது. வைத்தபின் பத்து நிமிடம் நின்று, ஜிபிஎஸ் பிடித்துவிட்டது என்பதை விளக்கில் பார்த்தபிறகே அடுத்த இடத்துக்கு நகருங்கள். முதல் நாளில் அவசரப்பட்டு நகரும் அணி, மாத முடிவில் பாதி நோட்டுகளின் நேரத்தைத் திருத்திக்கொண்டிருக்கும்.

மரத்தின் அடியில் வைக்காதீர்கள். சோளகம் வீசும் மே முதல் செப்ரெம்பர் வரை மரம் ஆட, வேர் மண்ணை ஆட்டும். 1 ஹேர்ட்ஸுக்கு மேல் முழுவதும் அந்த இரைச்சல்தான். அருகில் உள்ள பெரிய மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளி வைப்பது விதி. காட்டுக்குள் அது முழுதாகக் கிடைக்காது. பற்றை வெளிகளையும் பாறை மேடுகளையும் தேடுங்கள். குளக்கட்டு வசதியாகத் தெரியும், ஆனால் வேண்டாம்.

வெளியே தெரியாத செலவு மூன்று. லித்தியம் பற்றரி விமானத்தில் அபாயப் பொருள் வகை 9. தனி ஆவணம், தனிப் பொதி, தனிக் கட்டணம். கப்பலில் வந்தால் கிழமைக்கணக்கில் பிந்தும். இரண்டாவது, நோட்டிலிருந்து தரவை இறக்கவும் பற்றரி ஏற்றவும் அவற்றைச் செருகும் தனித் தாங்கி (dock) வேண்டும். அதுவும் கருவியோடு வருகிறதா என்று இரவல் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். தாங்கி ஒன்றில் ஒரே நேரத்தில் ஏறக்கூடிய எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. அறுபது நோட்டை ஏற்றி இறக்கிப் பரிசோதிக்க நிலையான மின்சாரமுள்ள ஓர் அறையும் பல நாளும் தேவை. மூன்றாவது தரவின் பருமன். செக்கனுக்கு 250 மாதிரி, மூன்று திசை என்றால் ஒரு நோட் ஒரு நாளில் 6 கோடியே 48 இலட்சம் எண்களை எழுதும். மாதிரிக்கு 4 பைற் வீதம் சுருக்காமல் வைத்தால் 259 மெகாபைற். அறுபது நோட், முப்பது நாள் என்றால் ஏறத்தாழ 470 கிகாபைற். வன்தட்டு இரண்டு பிரதிக்கு வாங்குங்கள். கூட்டாளி நாட்டுக்கு இணையத்தால் அனுப்பலாம் என்ற கணக்கு சரிவராது.

நோட் சரியான தெரிவு: பெப்ரவரி முதல் செப்ரெம்பருக்குள் முடியும் ஒரு மாத வேலை, நெருக்கமான இடைவெளி, ஆழமாகத் தோண்ட அனுமதி கிடைக்காத காட்டு ஒதுக்கம், பயிற்சி இல்லாத மாணவர் பலர் கைகொடுக்கும் வேலை.

## நேரடிப் புதைப்பு

புரோட்பாண்ட் சென்சரை ஒரு மீற்றர் ஆழத்தில் நேரே மண்ணுக்குள் புதைத்து, டிஜிற்றைசரையும் பற்றரியையும் தள்ளி ஒரு பெட்டியில் வைப்பது. ஒரு மீற்றர் மண்ணே வெப்பக் காப்பு. பகல் இரவு வெப்ப மாற்றம் அந்த ஆழத்தில் மிகவும் மங்கிவிடும். கட்டிய கிடங்கில் ரெஜிபோம் அடுக்கி அடையப் பார்ப்பதை மண் இலவசமாகத் தருகிறது. வன்னிக் காட்டில் ஒரு வருடத் திட்டத்துக்கு வேறு நல்ல காரணம் இல்லாவிட்டால் இதையே தெரிவு செய்யுங்கள்.

ஒரு நிபந்தனை: புதைப்பதற்கென்றே செய்த, நீர் புகாத சென்சர் வேண்டும். மேசையிலும் கிடங்கிலும் வைக்கும் சாதாரண வகையைத் தடித்த பொலித்தீனில் சுற்றிப் புதைக்கலாம் என்று சொல்லுவோர் உண்டு. ஓரிரு கோடை தப்பும். மாரியில் பொருத்தி வழியே நீர் ஏறும். திருத்தச் செலவு யார் தலையில் என்ற பேச்சு அப்போது தொடங்கும்.

கிடங்கு வெட்டச் சரியான காலம் பெப்ரவரி கடைசியும் மார்ச்சும். மண்ணில் ஈரம் இருக்கும், தடம் காய்ந்திருக்கும். ஓகஸ்ரில் போனால் செங்கபில மண் அலவாங்கைத் திருப்பி அடிக்கும். வேலிக்கால் துளைக்கும் ஓகர் நல்லதுதான், ஆனால் அரை மீற்றரளவில் வெண்கல் கிரவல் படை வந்தால் அது சும்மா சுற்றும். அங்கே அலவாங்கும் பேணியும்தான் கதி. ஒரு மீற்றருக்கு முன்னரே பாறை வந்தால் நட்டமில்லை. பாறையோடு தொடுகை கிடைப்பது நல்லது. பாறையைக் கழுவித் துடைத்து, மெல்லிய சாந்து போட்டு ஒரு கருங்கல் துண்டைச் சமமாகப் பதித்து அதன்மேல் சென்சரை வையுங்கள்.

மண்ணானால் அடியில் 5 சென்ரிமீற்றர் காய்ந்த ஆற்றுமணலைப் போட்டு இடித்து இறுக்குங்கள். கடற்கரை மணல் வேண்டாம்; உப்பு பொருத்திகளை அரிக்கும். வடக்குத் திசையைச் சென்சரை இறக்குமுன் எடுத்துவிடுங்கள். சென்சருக்குள் காந்தம் இருக்கிறது, அலவாங்கு இரும்பு, பக்கத்தில் உழவு மெஷினும் நிற்கும். திசைகாட்டி இவற்றின் அருகே பொய் சொல்லும். கிடங்கிலிருந்து பத்து மீற்றர் தள்ளி நின்று திசை பார்த்து, கிடங்குக்கு மேலே வடக்குத் தெற்காக நூல் கட்டி, அந்த நூலோடு சென்சரின் குறியை ஒத்திடுங்கள். இங்கே காந்த விலகல் மிகச் சிறியது. அதற்காக எழுதாமல் விடாதீர்கள்: பயன்படுத்தியது காந்த வடக்கா உண்மை வடக்கா என்று நிலையக் குறிப்பில் இல்லாவிட்டால் பிறகு ஒருவராலும் சொல்ல முடியாது.

குமிழி பார்த்துச் சமப்படுத்தியபின், சென்சரின் தலை மட்டம் வரை மணலைச் சிறிது சிறிதாகப் போட்டு, தடியால் சுற்றிச் சுற்றி இடியுங்கள். ஒரே பக்கமாகக் கொட்டினால் சென்சர் சாயும். வயரில் ஒரு முழு வளையம் விட்டு, பிறகே மண்ணை மூடுங்கள். மண் இறங்கிப் படியும்போது வயர் சென்சரை இழுக்கக்கூடாது. மேலே சிறு மேடாகக் கட்டி, கிழக்கிலும் மேற்கிலும் நீர் ஓட வாய்க்கால் வெட்டிவிடுங்கள். புதிதாகக் கிளறிய மண் காட்டுப்பன்றிக்கு அழைப்பிதழ். முள் வெட்டிப் பரப்பி, அதன்மேல் இரண்டு மூன்று பாரக் கல் வையுங்கள்.

முதல் சில நாள் கிடைத் திசைப் பதிவு கரடுமுரடாக இருக்கும். மண் படிந்தபின் அடங்கும். அன்றே பார்த்துவிட்டுப் பிழை என்று கிளறி எடுக்காதீர்கள். சென்சரின் நிறை நிலை அளவீடு (உள்ளே அசையும் நிறை நடுவில் நிற்கிறதா என்று காட்டுவது) பூச்சியத்தை விட்டு நகர்ந்திருந்தால், டிஜிற்றைசர் வழியாக மையப்படுத்தும் கட்டளை கொடுத்தால் போதும். அது இரண்டு கிழமைக்குப் பிறகும் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்தால்தான் அடி மண் இறங்குகிறது என்று அர்த்தம்.

### மின்சாரம்: பெரும்பாலான நிலையங்கள் நிற்பது இங்கேதான்

சென்சரும் டிஜிற்றைசரும் சேர்ந்து 2 வாற் என்று வையுங்கள். ஒரு நாளுக்கு 48 வாற்மணி. 12 வோல்ற் பற்றரியில் 4 அம்பியர்மணி. 100 அம்பியர்மணி ஈய பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது. ஆகவே கையில் இருப்பது 50 அம்பியர்மணி, ஏறத்தாழ பன்னிரண்டு நாள். நவம்பரில் தொடர்ந்து மேகம் மூடினாலும் சிறிது வெளிச்சம் கிடைக்கும் என்பதால் இது போதும். எடை 25 கிலோவுக்கு மேல். லித்தியம் இரும்புப் பொஸ்பேற் பற்றரி எடையில் பாதி, எண்பது வீதம் வரை இறக்கலாம். விலை அதிகம், களவு போகும் ஆசையும் அதிகம்.

சோலார் தட்டுக்குத் திறந்த வெளியில் 20 வாற் போதும் என்று கணக்கு வரும்: நாளுக்கு நான்கு மணி நேர முழு வெயில், இழப்பெல்லாம் கழித்து அறுபத்தைந்து வீதம். காட்டு இடைவெளியில் காலையும் மாலையும் மரநிழல் விழும். ஆகவே மூன்று மடங்கு, 60 வாற் போடுங்கள். தெற்கு நோக்கி 10–15 பாகை சரிவு வையுங்கள். இந்த அகலக்கோட்டில் அதற்குமேல் தேவையில்லை. அந்தச் சரிவில் மழையே தூசியையும் எச்சத்தையும் கழுவிவிடும். கம்பத்தைச் சென்சரிலிருந்து குறைந்தது 15 மீற்றர் தள்ளி நடுங்கள், காற்றில் அது ஆடும்.

சார்ஜ் கொன்ரோலரில் குறைமின்னழுத்தத் துண்டிப்பை 11.5 வோல்ற்றில், மீள இணைப்பை 12.6 அளவில் வையுங்கள். இரண்டுக்கும் இடைவெளி குறைவாக இருந்தால், மேகமுள்ள காலையில் டிஜிற்றைசர் எழுந்து விழுந்து எழுந்து விழுந்து நினைவகக் கோப்பைக் கெடுக்கும். மலிவான எம்.பி.பி.ரி (MPPT) வகைச் சார்ஜ் கொன்ரோலர்கள் வானொலி இரைச்சல் கிளப்பி ஜிபிஎஸ்ஸைக் குழப்புவதுண்டு; அன்ரெனாவை ஒரு மீற்றருக்கு மேல் தள்ளி வையுங்கள்.

வயர்கள் எல்லாம் கொண்டியூற் பைப்புக்குள், 30 சென்ரிமீற்றர் ஆழத்தில் போக வேண்டும். பைப்பின் இரு முனையையும் நுரையால் அடையுங்கள். எறும்பு டிஜிற்றைசர்ப் பெட்டிக்குள் கூடு கட்டுவதும் கறையான் ஈரமண்ணைப் பொருத்திக்குள் கொண்டுவந்து அடைப்பதும் வன்னியில் விதிவிலக்கல்ல. பெட்டியைத் தரையில் வைக்காமல் கல்லடுக்கி உயர்த்துங்கள். ஆனைப் பாதையில் கம்பம் நட்டால் அது முதுகு தேய்க்கும் கம்பம். பாதை எது என்று ஊரில் தேன் எடுக்கப் போகிறவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். கட்டுத்துவக்கு வைக்கும் பக்கங்களையும் அவர்களிடமே கேளுங்கள். அவர்களில் ஒருவர் முன்னே நடக்காமல் மாணவரைப் புதுத் தடத்தில் இறக்க வேண்டாம்.

பதிவின் பருமன் சிறியது. செக்கனுக்கு 100 மாதிரி, சுருக்கிய மினிசீட் (நிலஅதிர்வுப் பதிவுக்கான வடிவம்) கோப்பு என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு கிகாபைற். ஒரு நினைவக அட்டையில் முழு வருடமும் அடங்கும்.

நேரடிப் புதைப்பு சரியான தெரிவு: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பதிவு, நீண்ட அலை, நிலையங்களுக்கு இடையே 15–30 கிலோமீற்றர், மாரியில் போக முடியாத இடம்.

## சீமெந்துக் கிடங்கு

200 லீற்றர் பிளாஸ்ரிக் பரலை நிலத்துக்குள் இறக்கி, அடியில் கொங்கிறீற் போட்டு, அதன்மேல் சென்சரை வைத்து மூடுவது. பழைய கையேடுகளில் இதுவே இருப்பதாலும், பரலும் சீமெந்தும் எந்தச் சந்தியிலும் கிடைப்பதாலும் மலிவென்று தோன்றும்.

வன்னியில் இதன் எதிரி நிலத்தடி நீர். மாரியில் நீர்மட்டம் மேலே வந்து பரல் முழுவதும் அமிழ்ந்தால் 200 கிலோ விசை அதை மேலே தள்ளும். கொங்கிறீற்றின் அடர்த்தி கனமீற்றருக்கு 2400 கிலோ. நீருக்குள் அதில் 1400 தான் மிஞ்சும். ஆகவே பரலைப் பிடித்து வைக்க 0.14 கனமீற்றர் கொங்கிறீற் வேண்டும். அது ஏறத்தாழ ஒரு பை சீமெந்து, மணல், கல், நீர் எல்லாம் சேர்த்து 340 கிலோ. பன்னிரண்டு தோள் நடை. நீரும் காட்டுக்குள் தூக்கித்தான் போக வேண்டும். இவ்வளவும் போட்டாலும் பரலும் கொங்கிறீற்றும் ஒட்டிக்கொள்ளாது. பரலின் கீழ்ச் சுவரைச் சுற்றி ஆறு எட்டுப் போல்ற்று குத்தி, அவற்றின் தலை கொங்கிறீற்றுக்குள் புதையும்படி வார்க்க வேண்டும். இதைச் செய்யாத இடத்தில் பரல் தனியே எழும்பி வயரை அறுக்கும்.

சென்சர் நிற்கும் தளம் பரலின் சுவரைத் தொடக்கூடாது. சுவர் வெயிலில் விரிய, தளம் சாயும். நடுவில் தனியாக ஒரு மேடை வார்த்து, சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். கொங்கிறீற் இறுகும் முதல் கிழமைகளில் தளம் சுருங்கிக்கொண்டே இருக்கும்; அந்தக் காலப் பதிவை நீண்ட அலைக்கு நம்பாதீர்கள். உள்ளே காற்றுச் சுழலாமல் ரெஜிபோம் துண்டால் சென்சரைச் சுற்றி நிரப்பி, சிலிக்கா ஜெல் பை போட்டு, ஒவ்வொரு வருகையிலும் மாற்ற வேண்டும்.

காட்டு அதிகாரிக்கு இது கட்டுமானம். முடிந்தபின் உடைத்து அகற்ற வேண்டும் என்ற நிபந்தனையும் வரலாம். உடைத்த துண்டுகளும் அதே தோளில்தான் திரும்பும்.

சீமெந்துக் கிடங்கு சரியான தெரிவு: வாகனம் வாசல் வரை வரும் இடம், மேலே தெரியும் பாறை, பல வருடம் நிற்கப் போகும் நிலையம், கைவசம் இருப்பது புதைக்க முடியாத பழைய சென்சர். இந்த நான்கில் மூன்றாவது பொருந்தாவிட்டால் காட்டுக்குள் இதை நினைக்காதீர்கள்.

ராஸ்பெரி ஷேக் போன்ற மலிவுக் கருவி பற்றியும் கேட்கிறார்கள். அதற்குள் இருப்பதும் 4.5 ஹேர்ட்ஸ் ஜியோபோன்தான். நிலையான மின்சாரமும், நேரத்துக்கு இணையமோ தனி ஜிபிஎஸ்ஸோ வேண்டும். நெடுங்கேணியிலோ மாங்குளத்திலோ ஒரு பாடசாலையில் வைக்க நல்லது. ஆறாம் வகுப்புப் பிள்ளை குதித்துவிட்டுத் திரையில் தன் குதிப்பைப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல கருவி இல்லை. காட்டுக்குள் வேண்டாம்.

## எந்தத் தெரிவுக்கும் பொதுவான, கணக்கில் விடுபடும் செலவு

அனுமதி ஒரே அலுவலகத்தில் முடியாது. நிலம் வனத் திணைக்களத்தினதா வனசீவராசிகள் திணைக்களத்தினதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். மடுப் பக்கத்தில் இரண்டின் எல்லையும் அருகருகே வருகின்றன. பிறகு பிரதேச செயலகம், கிராம அலுவலர், பொலிஸ், அருகில் படைமுகாம் இருந்தால் அதுவும். தொல்லியல் இடம் அருகில் இருந்தால் தொல்லியல் திணைக்களத்தையும் கேட்காமல் மண்வெட்டியைத் தூக்காதீர்கள். தரவை வானொலியில் அனுப்பத் திட்டமிட்டால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் சேரும். அது ஒன்றுக்காகவே பலர் அட்டையில் பதிந்து கையால் எடுப்பதைத் தெரிகிறார்கள். ஒரு வருடத் திட்டத்துக்கு அது சரி.

மண்ணுக்குள் புதைந்த பெட்டியும் வயரும் இந்த நிலத்தில் வேறு நினைவுகளைக் கிளப்பும். ஒவ்வொரு பெட்டியிலும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இது என்ன, யாருடையது, எந்த இலக்கத்துக்கு அழைப்பது என்று எழுதி ஒட்டுங்கள். நோட்டுக்கும் ஒட்டுங்கள். அது சிறியதாகவும் வட்டமாகவும் இருப்பதால் இன்னும் கூடுதலாகவே தேவை. நிறுவும் நாளுக்கு முன்னர் ஊரில் ஒரு கூட்டம் வைத்துக் கருவியைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். அருகில் உள்ள ஒருவருக்கு மாதக் கொடுப்பனவு கொடுத்து, விளக்கு மின்னுகிறதா என்று பார்த்து அழைக்கச் சொல்லுங்கள். பற்றரிக் களவை இதைப் போல ஒரு பூட்டும் தடுக்காது.

கூட்டாளியோடு எழுத்தில் முடிக்க வேண்டியவை: இரவல் கருவி தொலைந்தால் யார் கட்டுவது, சுங்கத்தில் தற்காலிக இறக்குமதிப் பிணை யார் பெயரில், தரவு எப்போது பொதுவாகத் திறக்கப்படும், இங்குள்ள மாணவர் அதுவரை எதை எழுதலாம். நிலையக் குறிப்பேட்டை இங்கேயே ஒருவர் பொறுப்பில் வையுங்கள். சென்சரின் தொடரிலக்கம், ஆழம், திசை, நேரம், புகைப்படம் இவை களத்தில் எழுதப்படாவிட்டால், இரண்டு வருடம் கழித்து மேற்கே ஒரு கணினியில் யாரோ ஊகித்துத்தான் நிரப்புவார்.

எல்லாச் சென்சரையும் காட்டுக்குக் கொண்டுபோகுமுன் ஒரே அறைத் தளத்தில் அருகருகே வைத்து ஒரு முழு நாள் பதியுங்கள். ஒரே அதிர்வை எல்லாம் ஒரே மாதிரிக் காட்ட வேண்டும். தலைகீழாகக் காட்டும் ஒன்று, ஒரு திசை செத்த ஒன்று, நேரம் பிசகிய ஒன்று பெரும்பாலும் அங்கேயே அகப்படும்.

## கலந்து வைப்பது

கேள்வி இரண்டு வகையானால் தெரிவையும் இரண்டாக்கலாம். வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே நேரடிப் புதைப்பில் நாலைந்து புரோட்பாண்ட் வருடம் முழுக்க ஓட, அவற்றில் இரண்டுக்கு நடுவே ஒரு கோட்டில் அறுபது நோட்டை ஒரு மாதம் மட்டும் வைப்பது. ஒவ்வொரு புரோட்பாண்டின் பக்கத்திலும் ஒரு நோட்டையும் சேர்த்து வையுங்கள். நோட்டின் பதிவை எவ்வளவு நீண்ட அலை வரை நம்பலாம் என்பதை அந்த இணைதான் உங்கள் சொந்த மண்ணில் காட்டும்.

அதற்கான காலக்கணக்கு: அனுமதி விண்ணப்பம் முந்திய வருட ஜூலையில். மண் பதமாக இருக்கும் மார்ச்சில் புரோட்பாண்ட் புதைப்பு. ஏப்ரல் இடிமின்னல் அடங்கி, சோளகம் உரக்குமுன் மே முதல் பாதியில் நோட் இறக்கி, ஜூன் நடுப்பகுதிக்குள் எடுத்துவிடுவது. செப்ரெம்பர் கடைசியில் எல்லா நிலையத்துக்கும் ஒரு சுற்று: அட்டை மாற்றி, தட்டைத் துடைத்து, நிழல் விழும் கிளையை அனுமதியோடு வெட்டி, வாய்க்காலைத் திரும்ப வெட்டி, பற்றரியைச் சுமையோடு அளந்து பார்ப்பது. சுமையோடு 12 வோல்ற்றுக்குக் கீழே நிற்கும் பற்றரியை அன்றே மாற்றிவிடுங்கள். பெப்ரவரி வரை அதற்கு அடுத்த வாய்ப்பு இல்லை.